நின்ற இடத்தில் விழுந்தவர்

எங்கள் ஐஸ் கொம்பனியில் உடுப்புக் காய்ந்திருக்கும் ஒரே ஆள் நான்தான். கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்து, எந்தப் படகுக்கு எத்தனை கட்டி ஐஸ் என்று துண்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. மற்றவர்கள் எல்லோரும் காலையில் வந்து சேர்ந்த கையோடு நனைந்துவிடுவார்கள். பெட்டியிலிருந்து கட்டியை இறக்கும்போது ஒரு நனைவு, கொக்கி போட்டு இழுக்கும்போது ஒரு நனைவு, அரைக்கிற மெஷினுக்குள் தள்ளும்போது தூளாய்ப் பறந்து மேலே விழுந்து உருகும் ஐஸில் இன்னொரு நனைவு. சீனக்குடாப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்திலும் எங்கள் ஆட்கள் மழையில் நனைந்த கோழி மாதிரித்தான் நிற்பார்கள். புதிதாய் வருகிறவர்கள் பார்த்தால், கடலில் விழுந்து எழும்பி வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த மெஷினில் நின்றவர் முனாஸ் நானா. கிண்ணியாவில் இருந்து பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு மகள்மாரையும் கட்டிக் கொடுத்துவிட்டார். ஆள் பெரிய கதைகாரர் இல்லை. "என்ன செய்யிற தங்கச்சி" என்பதுதான், என்னதான் செய்யமுடியும் என்ற கருத்தில், அவர் வாயில் அடிக்கடி வருவது. மழைக்கும் அதுதான், மின்வெட்டுக்கும் அதுதான், மருமகன் வேலையை விட்டுவிட்டான் என்ற சேதிக்கும் அதுதான். எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஏன் நானா எல்லாவற்றுக்கும் இப்படி அலுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டால், அதற்கும் என்ன செய்யிற என்பார்.

கொரோனா முடிந்தும் முடியாமலும் இருந்த காலத்தில், வேலையிடங்களில் முதலுதவி சொல்லிக் கொடுக்கிறோம் என்று டவுனில் இருந்து ஒருவர் வந்தார். இரண்டு நாள் வகுப்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து ஐஸ் தரையில் கிடத்தினார். எங்கள் ஆட்களுக்கு ஒரே பகிடி. அதற்குக் கால் எங்கே, சாரம் எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். முனாஸ் நானா மட்டும் சிரிக்காமல் கவனித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வகுப்பு எடுத்தவர் சொல்லித் தந்தது இதுதான்: பெரிய ஆள் ஒருவர் நின்ற இடத்தில் திடீரென்று விழுகிறார். கூப்பிட்டால் பேச்சில்லை. மூச்சும் ஒழுங்காய் இல்லை. அப்படியென்றால் 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் ஒரு கைக்கு மேல் மற்றக் கையை வைத்து, பலமாய், வேகமாய், விடாமல் அமுக்குங்கள். வாயில் வாய் வைத்து ஊதவேண்டாம், அது தெரியாதவர்கள் அமுக்கினால் மட்டும் போதும், அதுவும் இது கொரோனாக் காலம் என்றார். சின்னப் பிள்ளைகளுக்கும் தண்ணீரில் இருந்து தூக்கியவர்களுக்கும் முறை வேறு, அதை நாளைக்குச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அந்த நாளை வரவில்லை. அந்தக் கிழமைதான் பெற்றோல் ஒரேயடியாய் இல்லாமல் போனது. வகுப்பு எடுத்தவருடைய மோட்டார் சைக்கிள் ஏதோ வரிசையில் நின்றது, எங்கள் படகுகள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றன. நாடே வரிசையில் நிற்கும்போது எந்த வகுப்பு? நாங்கள் ஒருவரும் அந்த இரண்டாம் நாளைத் தேடவும் இல்லை. ஒருநாள் வகுப்பே எங்களுக்குத் தாராளமாய்ப் போதும் என்று நினைத்தோம்.

சில மாதம் கழித்து, கனகசுந்தரம் முதலாளி எங்கள் இறங்குதுறையில் விழுந்தார். மூன்று படகு வைத்திருக்கிற மனிதர். தன்னுடைய படகுக்கு முதலில் ஐஸ் ஏற்றவில்லை என்று என்னோடு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினார், இரண்டடி வைத்தார், சரிந்துவிட்டார். ஒருவர் வலிப்பு, கையில் இரும்பு வைத்தால் நிற்கும் என்று சொல்லி மோட்டார் சைக்கிள் திறப்பைக் கொண்டுவந்து அவர் கைக்குள் திணித்தார். இன்னொருவர் சோடாப் போத்தலோடு ஓடி வந்தார். முனாஸ் நானா மெஷினை நிறுத்திவிட்டு வந்து, எல்லோரையும் தள்ளி, முழங்காலை ஊன்றி நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் நானா கையை எடுக்கவில்லை. முதலாளி பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் இருக்கிறார், இன்றைக்கும் என்னோடு ஐஸுக்குச் சண்டை பிடிக்கிறார்.

அதற்குப் பிறகு நானாவுக்கு நிம்மதி போனது. ஊர் அவருக்கு 'அமுக்கி முனாஸ்' என்று பெயர் வைத்தது. கிண்ணியாவில் கலியாண வீட்டில் பெண் மயங்கினால் முனாஸைக் கூப்பிடு. எவருடையதோ ஆடு தவிட்டை விழுங்கித் திணறினால் முனாஸைக் கூப்பிடு. கந்தளாயில் ஒரு விளையாட்டுக் கழகம் மாலை போட்டு அவரைப் பேசச் சொன்னது. அவருக்குப் பேச வராது. தெரிந்த இரண்டு வசனத்தையே சொல்லிவிட்டு இறங்கினார்: ஊதவேண்டியதில்லை, அமுக்கினால் போதும். சனத்துக்கு அது நன்றாய்ப் பிடித்துக்கொண்டது. வாயில் வாய் வைக்கிற கூச்சம் இல்லை, ஆணா பெண்ணா என்ற சங்கடமும் குறைவு. இறங்குதுறை முழுக்க அந்த இரண்டு வசனமும் பாடமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூடத் தலையணையைக் கிடத்தி அமுக்கி விளையாடின என்று அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். அப்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் இருந்தது. எங்கள் கொம்பனி ஆள் அல்லவா.

நஸ்ரி விழுந்தது அதற்கு அடுத்த வருசம், கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில்.

நஸ்ரி படகில் தொழிலுக்குப் போகிற இளந்தாரி. கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான். மனைவி பெயர் ஸல்ஹா. இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கிடந்தன. ஐஸ் வரும் பீலியை ஒரு படகில் இருந்து மற்றப் படகுக்கு இழுத்துக் கட்டும்போது கால் சறுக்கி இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். நீந்தத் தெரிந்தவன்தான். ஆனால் அலையில் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்ததால் மேலே வர இடம் கிடைக்கவில்லை. படகுகளை விலக்கி, இன்னொருவன் குதித்து அவனைக் கொண்டுவருவதற்குள் நேரம் போய்விட்டது.

தூக்கிக் கிடத்தியதும், வழக்கம்போல ஆளுக்கொரு வைத்தியம். காலில் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கு, தண்ணீர் வெளியே வரட்டும் என்றார் ஒருவர். எண்ணெய் பீப்பாயில் குப்புறப் போட்டு உருட்டு என்றார் இன்னொருவர். முனாஸ் நானா வந்துவிட்டார் என்றதும் எல்லோரும் விலகினார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் அமுக்கத் தொடங்கினார்.

கஜீபன் என்று ஒரு பொடியன், படகுச் சமையல்காரன். சாம்பல்தீவில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவன். அவன் நஸ்ரியின் தலைமாட்டில் குந்தி, நாடியை மேலே நிமிர்த்திப் பிடித்து, வாயில் ஊதுவதற்காகக் குனிந்தான். எங்கே பார்த்தானோ தெரியாது. நானா அமுக்குவதை நிறுத்தாமலே முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டார்.

"வேணாம்டா, ஊதாத. அது பழைய முற. அமுக்கினாப் போதும்."

கஜீபன் தள்ளி நின்றுவிட்டான். நான் கந்தோர் வாசலில் நின்று இதை என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரம் எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. முதலாளி எழும்பினாரே, இவனும் எழும்புவான் என்று நினைத்தேன். அம்புலன்ஸ் வந்தது, கொண்டுபோனார்கள்.

பின்னேரம் நானும் கஜீபனும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸல்ஹா மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். முனாஸ் நானா நனைந்த உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றார். ஒரு பெண் டொக்டர் வெளியே வந்து, முடியவில்லை என்பதைச் சொன்னார். நல்ல மனுசி. சொல்லிவிட்டு ஓடிவிடாமல் நின்றார். பிறகு, ஒழுங்குக்குக் கேட்பதுபோல, தண்ணீரில் இருந்து எடுத்தவுடன் மூச்சுக் கொடுத்தீர்களா என்று கேட்டார். கஜீபன் நிலத்தைப் பார்த்தான்.

"இல்ல," என்றார் நானா. "ஊத வந்த பொடியனையும் நான்தான் தடுத்த."

டொக்டர் அவரைத் திட்டவில்லை. தண்ணீரில் போனவருக்கு முதலில் குறைவது மூச்சு, அதனால் அவருக்கு முதலில் ஊதவேண்டும், பிறகு அமுக்குவதும் ஊதுவதும் மாறி மாறி நடக்கவேண்டும் என்றார். நின்ற இடத்தில் விழுகிறவர் வேறு, அவருடைய இரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்குக் காற்று இருக்கும், அதை ஓடவைக்கத்தான் அமுக்குவது என்றார். ஊதியிருந்தாலும் இவர் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னதாயும் இருக்கலாம், உண்மையாயும் இருக்கலாம். ஸல்ஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி நானாவை ஒருமுறை பார்த்தாள்.

ஏசியிருந்தால் நன்றாய் இருந்திருக்கும் என்று நானா பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாக் காலத்தை முடித்த பிறகு ஸல்ஹா வேலைக்கு இறங்கவேண்டிய நிலை. வீட்டில் வேறு ஆண் துணை இல்லை. படகுக்காரர்கள் சேர்ந்து, கொம்பனி வாசலுக்கு எதிரில் தகரம் அடித்து ஒரு தேத்தண்ணிக் கடை போட்டுக் கொடுத்தார்கள். ரொட்டி, சம்பல், தேத்தண்ணி. கடையில் நின்று பார்த்தால் நேரே தெரிவது அரைக்கிற மெஷின். அதாவது முனாஸ் நானா. அவளுக்கு இவர், இவருக்கு அவள். இதை யோசித்தா தகரம் அடித்தார்கள்? இடம் இருந்த பக்கம் அடித்தார்கள், அவ்வளவுதான்.

நானா ஒவ்வொரு நாளும் அங்கே தேத்தண்ணி குடிக்கப் போனார். போகாவிட்டால் அதுவும் ஒரு கதையாகும். அவள் கோப்பையை வைப்பாள். அவர் உட்காரமாட்டார், வாசல் பக்கம் திரும்பி நின்று குடித்துவிட்டு வந்துவிடுவார். அவள் அவரோடு பேசியதை நான் கேட்டதே இல்லை. எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாய் வரும். ஒன்று அவள் ஏசித் தீர்க்கவேண்டும், இல்லாவிட்டால் இவர் அழுது தீர்க்கவேண்டும். இரண்டும் இல்லாமல் இப்படித் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தால் என்னதான் முடிவு?

ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அந்த வகுப்பு எடுத்தவரைத் தேடி டவுனுக்குப் போனார் நானா. எனக்கு அந்த இரண்டாம் நாளைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் பாலர் பாடசாலை டீச்சர்மாருக்கு நடத்திய வகுப்பில் இவரையும் இருத்திவிட்டார்கள். அத்தனை பெண்களுக்கு நடுவில் இந்த மனிதர் பொம்மையின் மூக்கைப் பொத்தி, நாடியை உயர்த்தி, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊதிவிட்டு வந்திருக்கிறார்.

வந்த நாளில் இருந்து சொல்லத் தொடங்கினார். ஐஸ் ஏற்ற வருகிற ஒவ்வொரு படகுக்கும் சொல்வார். தண்ணியில இருந்து தூக்கினா முதல்ல ஊது. தண்ணிய வெளிய எடுக்கிறன் எண்டு தலகீழாப் பிடிக்காத. ஊதிட்டு அமுக்கு, அமுக்கிட்டு ஊது. நிண்ட இடத்தில சும்மா விழுந்தாத்தான் அமுக்கினாப் போதும். எது நடந்தது எண்டு முதல்ல கேளு, பிறகு கைய வை.

யார் கேட்டார்கள்? ஒரு வசனம் என்றால் சனத்துக்கு நிற்கும், இரண்டு விதம், எது என்று அறிய ஒரு கேள்வி என்றால் காதை விட்டுப் போய்விடும். இப்போது ஊதச் சொல்கிறார், அடுத்த மாதம் என்ன சொல்வாரோ என்று சிரித்தார்கள். அமுக்கி முனாஸ் ஊதி முனாஸ் ஆகிவிட்டார் என்றார்கள். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு முந்திய வசனம் அழிந்து, ஊதவேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதைப் பார்த்து அவர் இன்னும் களைத்துப் போனார். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, தொண்டையும் அடைத்துவிட்டது.

"விடுங்கோவன் நானா," என்று ஒருநாள் நான் கோபப்பட்டேன். "நீங்கள் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறீங்கள்?"

"நான் பிழையாச் சொன்னது இந்தத் துற முழுக்கக் கிடக்கு தங்கச்சி. அத நான்தானே பொறுக்கி எடுக்கணும்," என்றார். "ஒரு ஆள் சரியாக் கேட்டாலும் போதும். ஒரு ஆளும் கேக்கிறாங்க இல்ல."

அந்த நாட்களில் அவர் இடது தோளை அடிக்கடி தடவிக்கொள்வார். கட்டி இழுத்து இழுத்து வந்த ஐஸ் நோவு என்பார். படியில் ஏறி என் கந்தோருக்கு வந்தால் மூச்சு வாங்கும். நெற்றி வேர்த்திருக்கும், ஆனால் எப்போதும் நனைந்திருக்கிற ஆளுக்கு எது வேர்வை, எது ஐஸ் தண்ணீர்? மனம் சரியில்லை, அதுதான் இந்தக் களைப்பு என்று நாங்கள் எல்லோரும் எங்கள் பாட்டுக்கு முடிவு கட்டிவிட்டோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு காலை. நாலைந்து படகு ஐஸுக்குக் காத்து நிற்கிறது, கனகசுந்தரம் முதலாளி வழக்கம்போல என் மேசைக்கு முன்னால் நின்று கத்துகிறார். மெஷினில் கட்டி விழாமல் வெறுமனே ஓடுகிற சத்தம் கேட்டது. வேலை தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் உடனே பிடிபடும். எட்டிப் பார்த்தேன். முனாஸ் நானா மெஷினுக்குப் பக்கத்தில், இறங்குதுறை விளிம்போடு, உருகிய ஐஸ் தண்ணீருக்குள் மல்லாக்கக் கிடந்தார்.

நான் 1990க்கு அடித்துக்கொண்டே படியில் இறங்கினேன். அதற்குள் படகுகளில் இருந்து ஆட்கள் குதித்து ஓடி வந்துவிட்டார்கள். கஜீபன்தான் முதலில் வந்தவன். தலை முதல் கால் வரை நனைந்த ஆள், துறை விளிம்பு, சுற்றிவரத் தண்ணீர். அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? கடலில் விழுந்தவரை யாரோ தூக்கிக் கிடத்தியிருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டான். ஒருமுறை ஊதவிடாமல் தள்ளப்பட்டவன், இந்தமுறை விடுவானா? தலைமாட்டில் குந்தி ஊதத் தொடங்கிவிட்டான். ஊதினான், ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான். நெஞ்சில் ஒருவரும் கை வைக்கவில்லை. இன்னொருவர் காலைத் தூக்கப் போனார். திறப்பும் வந்துவிட்டது, அதைக் கைக்குள் வைத்து மூடினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் எங்கே போனது? எனக்கும் வகுப்பு நடந்தது. ஆனால் என் வாயில் அம்புலன்ஸ்காரருக்குச் சொல்லும் விலாசம் மட்டும்தான் வந்தது.

ஸல்ஹா கடையில் இருந்து ஓடி வந்தாள். ரொட்டிக்கு மா குழைத்த கை, கழுவக்கூட இல்லை.

"அவர் தண்ணிக்க விழல்ல," என்றாள். "நான் பாத்துக்கொண்டு நிண்ட நான். நிண்ட இடத்தில விழுந்தவர். ஊதினது போதும், அமுக்குங்க."

அத்தனை ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த ஐஸ் தண்ணீருக்குள் முழங்காலை ஊன்றி, அவர் நெஞ்சின் நடுவில் கையை வைத்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, அந்நிய ஆணின் நெஞ்சில். சரியான இடம், நேரான கை, விடாத வேகம். அவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்த நேரம் எனக்கு யோசிக்க வரவில்லை. யாரோ பின்னால் நின்று முணுமுணுத்தார். கனகசுந்தரம் முதலாளி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், அதோடு முணுமுணுப்பு நின்றது.

அவளுக்குக் கை ஓய்ந்தபோது, நிறுத்தாமலே கஜீபனைக் கூப்பிட்டு, இதே மாதிரிச் செய், நான் எடுக்கச் சொல்லும் வரைக்கும் விடாதே என்றாள். அவன் அழுதுகொண்டே அமுக்கினான். பிறகு மறுபடியும் அவள். அம்புலன்ஸ் வந்தது, அதில் வந்த பொடியன்கள் நானாவின் நெஞ்சைத் துடைத்து, இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கிற மெஷினின் வயர்களை ஒட்டினார்கள். கழற்றி எறிந்த அவருடைய சேர்ட்டை நான் எடுத்து வைத்தேன். நெஞ்சுப் பக்கத்தில் கோதுமை மா, இரண்டு உள்ளங்கை அளவுக்கு அப்பிக்கிடந்தது.

பிழைத்தார். கொழும்புக்கு அனுப்பி, அடைபட்ட இதயக் குழாய்க்குள் ஏதோ கம்பி வலை வைத்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. சரியாய் அமுக்கினால் சில வேளை முறியும், அது பரவாயில்லை என்றார்களாம். டொக்டர் சொன்னபடி சீனியும் எண்ணெயும் விலக்கி, வீட்டில் கிடந்து தேறி, தைப் பொங்கல் கழிந்துதான் வேலைக்கு வந்தார். மெஷின் வேலை இனி இல்லை, வாசலில் இருந்து படகு வரிசையைப் பார்க்கிற வேலை கொடுத்தோம். பாதியாய் மெலிந்துவிட்டார். முதன்முதலாகக் காய்ந்த உடுப்போடு அவரைப் பார்த்தேன், யாரோ வேற்று ஆள் மாதிரி இருந்தது.

வந்த அன்றைக்கே தேத்தண்ணி நேரத்துக்கு எழும்பிக் கடைக்குப் போனார். துணைக்கு வாங்கோ தங்கச்சி என்றார். அவருக்குப் பயம் என்று தெரிந்தது. போனேன். ஸல்ஹா வழக்கம்போலக் கோப்பையை வைத்தாள். அவர் வழக்கம்போல நின்றார். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை. கோப்பையைத் தொடவும் இல்லை.

"ஸல்ஹா," என்றார். "நஸ்ரிக்கு நான் செஞ்சதுக்கு, நீ எனக்கு இதச் செஞ்சிருக்கத் தேவல்ல."

அவள் ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்து, கல்லில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்க ஒவ்வொரு படகுக்கும் கத்திக் கத்திச் சொன்னீங்களே நானா. தண்ணி எண்டா ஊது, நிண்ட இடத்தில விழுந்தா அமுக்கு, முதல்ல கேளு எண்டு. ஒருத்தரும் கேக்கல்ல எண்டு நினைச்சீங்க. நான் இங்க நிண்டு ஒவ்வொரு நாளும் கேட்ட நான். மாக் குழைக்கேக்க எல்லாம் அமுக்கிப் பழகின நான்."

மா ஒட்டிய கையைத் துணியில் துடைத்தாள்.

"அண்டைக்கு உங்களுக்குத் தெரியா," என்றாள் அவள். "இண்டைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டு நிக்க ஏலுமா?"

அவர் என்ன செய்யிற என்று சொல்லவில்லை. வாங்கை இழுத்து, முதல் தடவையாக அந்தக் கடையில் உட்கார்ந்தார். முகத்தைத் தோளில் கிடந்த துவாயால் மூடிக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.

கல்லில் ரொட்டி கருகும் மணம் வந்தது. ஸல்ஹா அதைப் புரட்டிப் போட்டாள். பிறகு, ஆறிப்போன கோப்பையை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, வேறு தேத்தண்ணி போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"சீனி போடல்ல," என்றாள். "குடிங்க நானா."